அப்பாவின் கசெற்

லண்டன் தம்பி: அண்ணை, ஞாயிறு அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு இங்கே இருபது பேர் வருகினம். அப்பா பாடின கூத்துக் கசெற்றைப் போட ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன். எங்கே வைப்பது?

லண்டன் தம்பி: (படம்)

ஒட்டுசுட்டான் அக்கா: நடுச்சுவரில் என்ன பொந்து?

லண்டன் தம்பி: பயர்பிளேஸ் அக்கா. குளிருக்கு நெருப்பு மூட்டுகிற இடம்.

பரந்தன் மாமி: ஹோலுக்குள் அடுப்போ!

லண்டன் தம்பி: புகைபோக்கி இருக்கு மாமி. மேல்தட்டில் அப்பாவின் படம் வைத்திருக்கிறேன். ஸ்பீக்கரை அதற்கு இரண்டு பக்கமும் வைத்தால் வடிவாக இருக்கும்.

பெரியண்ணை: தட்டில் வைக்காதே. சின்னக் கோன், அதுதான் ட்வீட்டர், இருந்து கேட்கிறவரின் காது மட்டத்தில் நிற்கவேண்டும். நெருப்பின் சூடும் நேரே மேலேதான் போகும். கோனைச் சுற்றியிருக்கிற றப்பரும் பசையும் காய்ந்து வெடித்துவிடும். கோவில் திருவிழாக்களுக்கு முப்பது வருசம் சவுண்ட் கட்டினவன் சொல்கிறேன்.

ஒட்டுசுட்டான் அக்கா: தொடங்கியாச்சு.

வவுனியா மருமகன்: இனி விடிய விடிய

பெரியண்ணை: புகைபோக்கிச் சுவர் முன்னுக்குத் தள்ளி நிற்கிறது, இரண்டு பக்கமும் பள்ளம். அதற்குள்ளும் தள்ளாதே. மூன்று பக்கமும் சுவர் என்றால் பேஸ், அதுதான் தடித்த சத்தம், வீங்கி, குடத்துக்குள் கதைத்த மாதிரி வரும். ஸ்ராண்டில் ஏற்றி, புகைபோக்கிச் சுவரைவிட ஒரு சாண் முன்னுக்கு இழு. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் துளை இருக்கா?

லண்டன் தம்பி: ஓம், வட்டமாக.

பெரியண்ணை: அப்ப சுவருக்கு இன்னும் இடம் விடு. பிறகும் குமுறினால் துளைக்குள் ஒரு காலுறையைச் சுருட்டி வை. இரண்டு பெட்டிக்கும் இடையே எட்டு அடி என்றால், கதிரையும் ஒவ்வொன்றிலிருந்தும் எட்டு அடி. பெட்டிகளைக் கொஞ்சம் உள்ளுக்குத் திருப்பு.

பரந்தன் மாமி: மோதகமோ வடையோ?

ஒட்டுசுட்டான் அக்கா: இரண்டும் செய்வம் மாமி. தேங்காய்தான் விலை.

பெரியண்ணை: சாப்பாட்டைப் பிறகு கதையுங்கோ. தம்பி, அந்தக் கசெற் ஒற்றை மைக்கில் பதிந்தது. இரண்டு பெட்டியிலும் ஒரே சத்தம்தான். சரியாக வைத்தால் குரல் நடுவில், அந்த நெருப்புக்கு முன்னால் நின்று பாடுகிற மாதிரி வரும். ஒரு பெட்டிக்கு மட்டும் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிக் கொழுவினாயோ, குரல் சிதறிவிடும், மத்தளத்தின் அடி செத்துவிடும். செத்தவீட்டுக்குத்தான் வர முடியவில்லை, குரலையாவது ஒழுங்காகக் கேள்.

லண்டன் தம்பி: விசா கிடைக்கவில்லை அண்ணை. தெரியும்தானே.

ஒட்டுசுட்டான் அக்கா: சண்டைக்குள்ளால் அந்தக் கசெற்றை நான் சாரிக்குள் சுற்றி மெனிக்பாம் அகதி முகாம் வரை கொண்டுபோனேன். சவுண்ட் பெட்டி ஏற்றின ட்ராக்டரில் எங்களுக்கு இருக்க இடமில்லை.

பெரியண்ணை: அந்தப் பெட்டிகளும் தருமபுரத்தோடு போச்சு. இன்னும் எத்தனை தரம் சொல்லுவாய்?

ஒட்டுசுட்டான் அக்கா: சொல்லுவேன்.

பரந்தன் மாமி: 90களில் கறண்ட் இல்லாதபோது சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ சுற்றிக் கேட்டது இதே கசெற்தான். என் கை களைத்தால் அண்ணையின், உங்கள் அப்பாவின், கோவலன் பாட்டும் இழுபடும். சல்லரித் தாளம் மட்டும் கணீர் என்று கேட்கும்.

வவுனியா மருமகன்: மாமி, ஞாயிறு அதையும் சொல்லுங்கோ

லண்டன் தம்பி: முன்னுக்கு இழுத்துப் போட்டுப் பார்த்தேன். குரல் இடப்பக்கம் சாய்கிறது.

பெரியண்ணை: இடப்பக்கம் என்ன இருக்கு?

லண்டன் தம்பி: பெரிய கண்ணாடி யன்னல். வலப்பக்கம் புத்தக அலுமாரி.

பெரியண்ணை: கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. யன்னல் சீலையை இழுத்து மூடு. நிலத்தில் கம்பளம் விரி.

லண்டன் தம்பி: ஓம் அண்ணை, நடுவுக்கு வந்துவிட்டார். மத்தளம் நெஞ்சில் இடிக்கிறது. மனிசி குசினியிலிருந்து ஓடிவந்து நிற்கிறாள்.

ஒட்டுசுட்டான் அக்கா: கொஞ்சம் பதிந்து அனுப்படா

லண்டன் தம்பி: இங்கே காலை 10 மணிக்குப் போடுகிறேன், உங்களுக்குப் பின்னேரம் 3.30. வீடியோவில் வாங்கோ. அன்று நெருப்பு மூட்டட்டோ?

பெரியண்ணை: பெட்டியிலிருந்து எட்டத்தில் என்றால் பரவாயில்லை. 3.30க்கு இங்கே ஆட்கள் சாப்பிட்டு முடிந்திருக்காது.

ஒட்டுசுட்டான் அக்கா: எனக்கு 4 மணிக்கு முல்லைத்தீவு பஸ்.

பெரியண்ணை: அன்று போகவேண்டாம், இங்கே நில்.

ஒட்டுசுட்டான் அக்கா: பார்ப்பம்.