வாஷிங் மெஷினை முதலில் நிறுத்து

இரவு 9:42

நான்: யாராவது முழித்திருக்கிறீர்களா? கீழே குளியலறைத் தரை ஓட்டையிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் மேலே வருகிறது. நாற்றம் தாங்கவில்லை.

அத்தை: ஐயோ! குழந்தையை அந்தப் பக்கம் விடாதே.

அண்ணன்: பிளஷ் பண்ணிப் பார்த்தாயா?

நான்: இரண்டு தடவை. அதற்கப்புறம்தான் இன்னும் அதிகமாக வந்தது.

சித்தப்பா: இனி பிளஷ் வேண்டாம்மா. எந்தக் குழாயையும் திறக்காதே. மாடியில் வாஷிங் மெஷின் ஓடுகிறதா?

நான்: ஓடுகிறது!! மறந்தே போய்விட்டேன்.

நான்: நிறுத்தியாச்சு.

சித்தப்பா: அதுதான் சங்கதி. மேலே விடுகிற தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. வீட்டிலேயே தாழ்வான ஓட்டை எதுவோ அது வழியாகத் திரும்பி வரும். மாடி டாய்லெட் நன்றாகத்தானே இருக்கிறது என்று யாரும் போய்விடாதீர்கள், அதுவும் கீழேதான் வந்து நிற்கும்.

மாமா: ஆசிட் ஒரு பாட்டில் ஊற்றினால் அடைப்பு விட்டுவிடும்.

சித்தப்பா: வேண்டாம் அத்தான். போக இடமில்லாத தண்ணீரில் ஊற்றினால் அது அங்கேயே நிற்கும். நாளைக்குக் குழாயைக் கழற்றுகிறவர் கையில் தெறிக்கும். மேலே பிளீச்சிங் வேறு போட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

அத்தை: ஈஸ்ட் போட்டால் செப்டிக் டேங்க்கில் இருக்கிற கழிவு கரையும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அனுப்பட்டுமா?

சித்தப்பா: அக்கா, கழிவைக் கரைக்கிற பாக்டீரியாவுக்கு அங்கே என்ன பஞ்சம்? நாம் தினமும் அனுப்புகிறோமே, அதுவே போதும் 😄

10:08

அண்ணன்: நான் கிளம்பி வருகிறேன். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சித்தப்பா: டேய், அந்த மூடியைத் தொடாதே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முட்டை அழுகின மாதிரி வாடை வருகிறதே, அது ஹைட்ரஜன் சல்பைடு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று குனிகிறவன் மயங்கி உள்ளே விழுவான், அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். மீத்தேனும் இருக்கும், தீக்குச்சி பட்டால் பற்றிக்கொள்ளும். மூக்கில் துணி கட்டிக்கொண்டால் எதுவும் நிற்காது.

அண்ணன்: சரி சரி, தொடவில்லை.

சித்தப்பா: பழைய சிலாப் மேல் ஏறியும் நிற்காதே. அடியில் கம்பி துருப்பிடித்திருந்தால் உடைந்து உள்ளே போகும்.

நான்: அப்போது இந்தத் தண்ணீரை என்ன செய்வது?

சித்தப்பா: கால் வைக்கிற இடத்தில் மின்சார வயர், ஹீட்டர் பிளக் ஏதாவது நனைந்திருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் உள்ளே போகாமலே மெயினை அணை. ஜன்னலைத் திற. ரப்பர் கையுறை, பூட்ஸ் இல்லாமல் இறங்காதே. கதவுக்கு வெளியே பழைய துண்டுகளை உருட்டிப் போட்டு மற்ற அறைக்குப் பரவாமல் தடு. கழுவுவதெல்லாம் நாளைக்கு. இப்போது கழுவினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

நான்: கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறோம். அது?

சித்தப்பா: நல்ல கேள்வி. டேங்க் பக்கம் மண்ணில் கழிவுநீர் பொங்கியிருந்தால், பரிசோதித்து முடிவு வரும்வரை அதைக் குடிக்காதே. வெளியிலிருந்து வாங்கிக்கொள்.

அத்தை: எல்லாரும் இரவு இங்கே வந்து தூங்குங்கள். குளிக்கவாவது வேண்டாமா?

காலை 7:15

நான்: டேங்க்கை உறிஞ்சுகிற லாரி வருகிறது சித்தப்பா. என்ன கேட்க வேண்டும்?

சித்தப்பா: மூன்று விஷயம். யாரும் உள்ளே இறங்கக் கூடாது, ஹோஸ் மட்டும்தான் இறங்க வேண்டும். இறங்குகிறேன் என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடு. அப்புறம், டேங்க் கான்கிரீட்டா பிளாஸ்டிக்கா?

நான்: கான்கிரீட்.

சித்தப்பா: அப்படியானால் பயம் குறைவு. பிளாஸ்டிக் என்றால் இந்த மழை ஈரத்தில் முழுக்கக் காலி செய்யக் கூடாது, தொட்டி மிதந்து குழாய் முறிந்துவிடும். மூன்றாவது, உறிஞ்சும்போது, டேங்க் தண்ணீர் மண்ணில் இறங்குகிற உறிஞ்சுகுழிக்குப் போகிற குழாயிலிருந்து தண்ணீர் டேங்க்குக்குத் திரும்பி ஊற்றுகிறதா என்று லாரிக்காரரையே பார்க்கச் சொல். ஊற்றினால் குழி நிறைந்துவிட்டது, வேலை பெரிது.

9:30

நான்: திரும்பி ஊற்றவில்லை!

சித்தப்பா: அப்பாடா. அப்போது அடைப்பு எங்கே?

நான்: வீட்டிலிருந்து டேங்க்குக்குள் வருகிற இடத்தில் T குழாய். குழந்தைக்குத் துடைக்கிற வைப்ஸ் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, மேலே எண்ணெய் கெட்டியாகி உட்கார்ந்திருந்ததாம். அடியில் சகதி பாதித் தொட்டிக்கு மேல்.

சித்தப்பா: மூன்றில் ஒரு பங்கு வந்தாலே எடுக்க வேண்டும். கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?

நான்: எடுத்ததே இல்லை 🙈 வீடு கட்டி எட்டு வருஷம்.

அண்ணன்: வைப்ஸ் பாக்கெட்டில் பிளஷ் செய்யலாம் என்றுதானே போட்டிருக்கிறது?

சித்தப்பா: போட்டிருக்கும். ஓட்டை வழியாகப் போவது வேறு, தண்ணீரில் பிரிவது வேறு. பேப்பர் பிரியும், அது பிரியாது. ஒன்றை வாளியில் நாள் முழுக்க ஊறப் போட்டுப் பார்.

மாமா: அப்போது ஆசிட் வேலைக்கு ஆகியிருக்காது.

சித்தப்பா: ஆகியிருக்காது அத்தான்.

நான்: தரையைச் சோப்பால் கழுவி, அப்புறம் பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவிட்டிருக்கிறேன். நனைந்த மிதியடியைத் தூக்கி எறிந்தாச்சு. தண்ணீர் ஒழுங்காகப் போகிறது.

அத்தை: வாஷிங் மெஷினில் துணி?

நான்: ஐயோ.