தெருத் திருவிழாவுல துப்பாக்கிச் சூடு, நெரிசல் மாதிரி நடந்தா முதல் பத்து நிமிஷத்துக்கு என்ன தயார்?

தண்டையார்பேட்டை விழாக்குழு:

ஆடி மாசம் அம்மன் கோயில் கூழ் வார்த்தல், கடைசி நாள் ராத்திரி கச்சேரி. 30 அடி ரோடு, 200 அடி நீளத்துக்கு அடைக்கிறோம். குழுவுல லாஸ் வேகாஸ் பேச்சு வந்துது. 2017 அக்டோபர் 1, பாட்டுக் கச்சேரிக் கூட்டத்தைப் பார்த்து ஓட்டல் 32வது மாடியில இருந்து பத்து நிமிஷம் சுட்டான், 60 பேர் போயிட்டாங்க. "நம்ம பக்கம் அந்த மாதிரித் துப்பாக்கி ஏது"ன்னு பாதிப் பேர். "கரூர் நெரிசல்ல 41 பேர் சாகத் துப்பாக்கியா வேண்டியிருந்துது"ன்னு மீதிப் பேர். எங்ககிட்ட இருக்கிறது பஞ்சு, டெட்டால், பேண்ட் எய்டு. ரத்தம் கொட்டினா பெல்ட்டால கட்டினா போதுமா? ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு யார் எப்படிக் கொண்டுபோறது? மைக்ல என்ன சொல்றது?

ட்ராமா வார்டு செவிலி:

அந்தப் பெட்டியை முழங்கால் சிராய்ப்புக்கு வச்சுக்கோங்க தம்பி. தொடையில பெரிய ரத்தக்குழாய் அறுந்தா மூணுல இருந்து அஞ்சு நிமிஷம்தான் கெடு. குண்டோ, கத்தியோ, பலூன்காரர் சிலிண்டர் வெடிச்சுச் சிதறின தகடோ, கணக்கு ஒண்ணுதான். 108 எவ்வளவு வேகமா வந்தாலும் அதுக்குள்ள வராது. பக்கத்துல நிக்கிறவங்க கைதான் வேலை செய்யணும்.

பெல்ட் வேண்டாம். தடிமனா இருக்கிறதால முறுக்கி இறுக்க முடியாது. ஊசி போடும்போது கட்டுற ரப்பர் ட்யூபும் ஆகாது. பாதி இறுக்கம், கட்டாததை விட மோசம்: ரத்தம் உள்ளே போய்க்கிட்டே இருக்கும், திரும்பி வர்ற குழாய் மட்டும் அடைபடும், காயம் இன்னும் அதிகமா ஒழுகும்.

முறுக்குக் குச்சி வச்ச டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்தக் கை காலை இறுக்குற பட்டை) வாங்குங்க, பட்டை ஒன்றரை அங்குலம் அகலம். ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு வர்ற போலிகள்ல குச்சி வளையும், வெல்க்ரோ பிச்சுக்கும். வந்ததும் ஒண்ணைப் பிரிச்சு தொடையில போட்டு முழுசா முறுக்கிப் பாருங்க, அதைப் பயிற்சிக்குன்னே தனியா வச்சிடுங்க. காயத்துக்கு மேல 2, 3 அங்குலம் தள்ளி, முட்டி மேலயோ முழங்கை மேலயோ விழாம போடணும். ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கணும். உயிர் போற மாதிரி வலிக்கும், கத்துவாங்க, கத்துறாங்கன்னு தளர்த்தக்கூடாது. நிக்கலைன்னா அதுக்கு மேலயே இன்னொண்ணு. கட்டின நேரத்தை மார்க்கர்ல நெத்தியில எழுதுங்க. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியிலதான் கழட்டணும். ரெண்டு மணி நேரம் வரைக்கும் பொதுவா கை கால் போயிடாது.

தொடை இடுக்கு, அக்குள், கழுத்தடி, இங்கெல்லாம் கட்ட முடியாது. காஸ் ரோலை (காயத்துக்குப் போடுற வலைத்துணிச் சுருள்) விரலால காயத்துக்குள்ளேயே, ரத்தம் கிளம்புற இடம் வரைக்கும் திணிச்சு நிரப்பி, ரெண்டு கையாலயும் உடம்பு எடையைப் போட்டு 10 நிமிஷம் அழுத்தணும். நடுவுல "நின்னுச்சா"ன்னு எடுத்துப் பார்க்கிறதுதான் எல்லாரும் பண்றது. எடுத்த உடனே கட்டின ரத்தம் பேந்துடும். நெஞ்சு, வயித்துக் காயத்துல எதையும் திணிக்காதீங்க. நெஞ்சுல ஓட்டை இருந்தா பாலித்தீன் ஒட்டி நாலு பக்கமும் அடைக்கவும் கூடாது, உள்ள காத்து சேர்ந்து நுரையீரலை அமுக்கிடும்.

மயங்கினவங்க வாயில சோடா, தண்ணி ஊத்துறது நம்ம தெருவோட பழக்கம். அதை யாராவது ஒருத்தர் நின்னு தடுக்கணும். சென்னை வெயில்லயும் ரத்தம் போன உடம்பு சில்லிட்டுப் போகும், சில்லிட்டா ரத்தம் உறையாது. போர்வை போடுங்க, ஃபேனை வேற பக்கம் திருப்பி வைங்க.

பெட்டி நாலு இடத்துல: மேடை ஓரம், கோயில் வாசல், ரெண்டு முனை. ஒவ்வொண்ணுலயும் டூர்னிக்கெட் 2, காஸ் ரோல் 6, ஆறு அங்குல க்ரேப் பேண்டேஜ் 2, கையுறை 5 ஜோடி, கனமான கத்தரி, மார்க்கர், போர்வை. பூட்டுப் போடாதீங்க. சாவி வச்சிருக்கிறவர் அன்னைக்குத் தண்ணிப் பந்தல்ல இருப்பார்.

பைலட் வடசென்னை:

ஆம்புலன்ஸ் ஓட்டுறவன் பக்கத்துல இருந்து சொல்றேன். பெட்டி எல்லாம் சரி, வண்டி உள்ள வரணுமே அண்ணே. சவுக்குக் கட்டையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி ரெண்டு முனையும் அடைச்சிடுறீங்க, அவசரத்துக்கு அந்த முடிச்சை அவிழ்க்க ஆள் இருக்காது. தள்ளினா நகர்ற இரும்புத் தடுப்பு போடுங்க, 12 அடி வழி விடுங்க. அலங்கார வளைவும் சீரியல் லைட்டும் 12 அடி உயரத்துக்கு மேல. ஜெனரேட்டர், கூழ் அண்டா, கேஸ் அடுப்பு மூணுமே அந்த வழியில இருக்கக்கூடாது.

உங்க இடம் 6,000 சதுர அடி, கிட்டத்தட்ட 557 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 4 பேர்னு போட்டா 2,200. மேடை, கடை, நாற்காலி கழிச்சா 1,500க்கு மேல உள்ள விடாதீங்க. சதுர மீட்டருக்கு 5, 6 பேர் தாண்டினா ஆள் தன் இஷ்டத்துக்கு நடக்க முடியாது, கூட்டம் இழுக்கிற பக்கம்தான் போகும். அப்ப ஒரு பட்டாசுச் சத்தம் போதும். வேகாஸ்ல முதல் சத்தத்தைப் பட்டாசுன்னுதான் நிறைய பேர் நினைச்சாங்க. நம்மகிட்ட அது தலைகீழா நடக்கலாம், அதனால கச்சேரி நேரத்துல சரவெடி கிடையாதுன்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க.

மைக் பெரிய ஆயுதம். 2008 நவம்பர் 26 மும்பை சி.எஸ்.டி. ஸ்டேஷன்ல அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே, பின்பக்க வழியா போங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்து நிறைய பயணிகளைக் காப்பாத்தினார். "யாரும் பதற வேண்டாம்"னு சொல்லிப் பிரயோஜனம் இல்லை, எந்தப் பக்கம் போகணும்னு சொல்லணும். பாட்டை நிறுத்தி, ஃபோகஸ் லைட்டை மேடையில இருந்து வழிப் பக்கம் திருப்பி, "மேடைக்கு எதிர்ப்பக்கம், பள்ளிக்கூட முனை" மாதிரி ஒரே வாக்கியம். துப்பாக்கி நிக்காத வரைக்கும் யாரையும் தூக்கப் போகாதீங்க. ஓடு, முடியலைன்னா சுவருக்குப் பின்னாடி படு.

ஸ்டான்லி விஷயம். வேகாஸ்ல பாதிக்கு மேல ஆம்புலன்ஸ்ல போகலை, கண்ணுல பட்ட கார்ல பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. சன்ரைஸ்ங்கிற ஒரே ஆஸ்பத்திரியில 200 பேருக்கு மேல குவிஞ்சாங்க. உயர்நிலை ட்ராமா சென்டருக்கு (பலத்த காயத்துக்கான ஆஸ்பத்திரி) போனவங்க கிட்டத்தட்ட அதுல பாதி. நடக்கிறவங்க முதல்ல ஆட்டோ ஏறிடுவாங்க, மோசமானவங்க கடைசியில வருவாங்க, அதுக்குள்ள வாசல் அடைச்சிடும். அதனால நடக்க முடிஞ்சவங்களைத் தண்டையார்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. மூச்சுத் திணறல், சொன்னது புரியாம உளறல், டூர்னிக்கெட் போட்டவங்க, இவங்க ஸ்டான்லிக்கு, இல்லைன்னா சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரிக்கு. 108ல பேசும்போது ஒரே ஆள் பேசணும்: இடம், எத்தனை பேர், எந்த முனை திறந்திருக்கு. எண்ணூர் ஹைரோடு பக்கம் கன்டெய்னர் வரிசை நிக்குதான்னு ஒருத்தர் முன்கூட்டியே பார்த்து வைக்கணும், டி.எச். ரோடுதான் (திருவொற்றியூர் ஹைரோடு) நேரா போகுதுன்னு நினைச்சுப் புறப்பட்டு நடுவுல மாட்டக்கூடாது.

தண்டையார்பேட்டை விழாக்குழு:

நன்றி அக்கா, நன்றி அண்ணே. டூர்னிக்கெட் நாலு பெட்டிக்கும் பத்தலைன்னா துணியில செய்ய முடியுமா? அப்புறம், போலீஸ் கேஸ்னு ஆஸ்பத்திரி சேர்த்துக்க மாட்டேன்னு சொன்னா?

ட்ராமா வார்டு செவிலி:

முடியும். வேட்டித் துணியை மூணு, நாலு விரல் அகலத்துக்கு மடிச்சு ரெண்டு சுத்து, ஒரு முடிச்சு, மேல ஸ்க்ரூடிரைவரோ ஸ்பேனரோ வச்சு இன்னொரு முடிச்சு, முறுக்கி, நுனியைக் கட்டிடுங்க. பேனா உடையும், டீஸ்பூன் வளையும். கயிறு, வயர் வேண்டாம், சதையை அறுக்கும்.

வக்கீல் ராயபுரம்:

சேர்க்க மாட்டேன்னு சொல்ல முடியாது. பரமானந்த் கட்டாரா வழக்குல 1989லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: உயிர் முதல்ல, போலீஸ் நடைமுறை அப்புறம், அரசு, தனியார் ரெண்டுக்கும். ஒண்ணை மட்டும் கலக்காதீங்க: மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ உதவி செஞ்சவங்களுக்குத் தர்ற பாதுகாப்பும், "இன்னுயிர் காப்போம்" திட்டத்துல 48 மணி நேர இலவச சிகிச்சையும் சாலை விபத்துக்குத்தான்.

கேஷுவால்டியில ஏ.ஆர். (காயம் பட்டவங்களைப் பதிவு பண்ற ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) போடுவாங்க. அதுல எப்படிக் காயம், எத்தனை மணிக்குன்னு எழுதுறதுதான் பின்னாடி இழப்பீட்டுக்கு அடித்தளம், காப்பி வாங்கி வைங்க. "கீழே விழுந்தார்"னு எழுதிட்டா அப்புறம் மாத்த அலைய வேண்டியிருக்கும். சட்டையை வெட்டும்போது குண்டு துளைச்ச ஓட்டை வழியா கத்தரிக்காதீங்க, தள்ளி வெட்டிக் காகிதப் பையில போடுங்க. பிளாஸ்டிக்ல ஈரம் அடைஞ்சு கெட்டுடும். தரையில கிடக்கிற தோட்டா உறையை யாரும் பொறுக்கக்கூடாது, நம்ம பசங்க அதைத்தான் முதல்ல எடுத்து ஃபோட்டோ எடுப்பாங்க. குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கான இழப்பீடு பி.என்.எஸ்.எஸ். (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 396ன் கீழ, மனு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. அரசு அறிவிக்கிற நிவாரணம் வேற, இது வேற.

ட்ராமா வார்டு செவிலி:

இன்னும் ரெண்டு சொல்லிடறேன். ரத்தம் கொடுக்க அன்னைக்கே நூறு பேரா ஓடி வராதீங்க. எடுத்த ரத்தத்துக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ், மலேரியா டெஸ்ட் முடிஞ்சுதான் ஏத்துவாங்க. அன்னைக்கு உயிர் காக்கிறது ஏற்கெனவே ஃபிரிட்ஜ்ல இருக்கிற பை. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே முகாம் வைங்க. சம்பவம் நடந்தா அடுத்தடுத்த வாரங்கள்ல பங்கு போட்டு வாங்க, ஆம்பளைங்க 90 நாள், பொம்பளைங்க 120 நாள் இடைவெளி.

பார்த்தவங்களை உட்கார வச்சு "என்ன பார்த்தே சொல்லு"ன்னு கிளறுறது வேண்டாம், அதனால பலன் இல்லைன்னு ஆய்வுகள் சொல்லுது. தூக்கம், சாப்பாடு, கூட ஒரு ஆள். ஒரு மாசம் தாண்டியும் சத்தம் கேட்டா துடிக்கிறாங்க, தூங்கலைன்னா 14416 மனநல உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்க, தமிழ்ல பேசுவாங்க. வாட்ஸ்அப் குரூப்ல வீடியோ சுத்துறதை நிறுத்துற வேலையை முன்கூட்டியே ஒருத்தர் பேர்ல எழுதி வைங்க. வீட்டுக்காரங்க அதைப் பார்த்துதான் சாவைத் தெரிஞ்சுக்கிறாங்க.