மைனஸ் 2 அடிமானத்தில் 6 கொடுத்தால் ‘-1-1-10’ வருகிறது, எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். ஒரு முழு எண்ணை மைனஸ் 2 அடிமானத்துக்கு (இடமதிப்புகள் வலமிருந்து 1, −2, 4, −8, 16 என்று போகும்) மாற்ற பைத்தானில் நிரல் எழுதினேன். சாதாரண பைனரிக்குச் செய்வது போலத்தான்: −2ஆல் வகுத்து மீதியை எடுத்துவைக்கிறேன், ஈவை மறுபடி வகுக்கிறேன், ஈவு பூஜ்யமானதும் மீதிகளைத் தலைகீழாக அடுக்குகிறேன்.

6க்கு 11010 வர வேண்டும், கையால் போட்டுப் பார்த்துவிட்டேன் (16 − 8 − 2). நிரல் தருவது -1-1-10. மைனஸை எடுக்க மீதிக்கு ஆப்ஸ் (abs, குறியை நீக்கி எண்ணை மட்டும் தருவது) போட்டேன், 1110 வந்தது. இதையே சி மொழியில் எழுதிய தோழிக்கு 1-10. இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன், யாராவது உதவுங்கள்.

பதில் 1

லூப் சரி, மீதிதான் பிரச்சினை. பைத்தானில் மீதிக்கு வகுக்கும் எண்ணின் குறி வரும். நீங்கள் வகுப்பது −2ஆல், எனவே 0 அல்லது −1தான் கிடைக்கும். சி-யில் வகுபடும் எண்ணின் குறி வரும், அதனால் தோழிக்கு 1, −1 இரண்டும் கலந்து வருகின்றன. இரண்டு விடைகளின் மதிப்பும் 6தான்: உங்களுடையது 8 − 4 + 2, அவருடையது 4 + 2. ஆனால் நமக்கு இலக்கம் 0, 1 மட்டுமே இருக்க வேண்டும்.

மீதி −1 வந்தால் மீதியோடு 2ஐக் கூட்டுங்கள், ஈவோடு 1ஐக் கூட்டுங்கள். −3ஐ (−2)×1 − 1 என்றும் எழுதலாம், (−2)×2 + 1 என்றும் எழுதலாம். நமக்கு வேண்டியது இரண்டாவது. இந்த ஒரு திருத்தம் இரண்டு மொழிகளுக்கும் போதும்.

ஆப்ஸ் போட்டபோது வந்த 1110ஐ விரித்துப் பாருங்கள்: −8 + 4 − 2 = −6. எல்லா −1ஐயும் 1 ஆக்கினால் மொத்த எண்ணின் குறியே மாறிவிடும். அதனால் பைத்தானில் தொடக்கத்திலேயே −6ஐக் கொடுத்து ஆப்ஸ் போட்டாலும் 11010 கிடைக்கும்! ஆனால் சி-யில் இது செல்லாது.

பதில் 2

விடையைச் சரிபார்க்க இரண்டு வழி சொல்கிறேன், எனக்கு இந்த அடிமானம் பிடித்ததே இவற்றால்தான்.

குறை எண்ணுக்கு இங்கே மைனஸ் குறியே வேண்டாம். இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் மிகை எண், இரட்டைப்படை என்றால் குறை எண். மூன்று இலக்கத்தில் 2 முதல் 5 வரை, நான்கில் −10 முதல் −3 வரை, ஐந்தில் 6 முதல் 21 வரை அடங்கும். தலை இலக்கத்தின் மதிப்பை மற்றவை எல்லாம் சேர்ந்தாலும் கவிழ்க்க முடியாது.

அப்புறம், −2ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே நாம் 9க்குச் செய்யும் இலக்கக் கூட்டல் இங்கே 3க்குப் பொருந்தும். 11010இல் மூன்று 1கள், 6உம் 3ஆல் வகுபடுகிறது.

இத்தாலியரான விட்டோரியோ க்ரூன்வால்ட் 1885இலேயே குறை அடிமானங்களைப் பற்றி எழுதிவிட்டார். 1950களின் இறுதியில் போலந்தில் இந்த −2 அடிமானத்தில் இயங்கும் கணினிகளையே கட்டினார்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி, இருவருக்கும். திருத்திவிட்டேன், 6க்கு 11010 வருகிறது. −13க்கு 110111: ஆறு இலக்கம், −32 + 16 + 4 − 2 + 1, சரி. 0 கொடுத்தால் மட்டும் வெற்றாக வந்தது. லூப்புக்குள்ளேயே நுழையவில்லை, அதற்குத் தனியாக ஒரு வரி சேர்த்துவிட்டேன். தோழியின் நிரலும் இப்போது ஓடுகிறது.