செம்பனைப் பட்டறைகளுக்கு ஆய்வு மானியம்: போட்ட காசுக்குப் பலன் உண்டா?

ஏட்டுக்கணக்கு:

பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான், பாகான் டத்தோ பக்கம் செம்பனை அறுவடைக் கருவியும் ஆலை உதிரிபாகமும் செய்யும் பட்டறைகளுக்கு அரசாங்கம் ஆய்வு மானியத்தைக் கூட்ட வேண்டும் என்று முந்தைய இழையில் பலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. எத்தனை கருவி செய்தார்கள் என்று எண்ணிப் பார்த்துப் பலன் சொல்லக்கூடாது. பணம் கிடைக்காமல் போயிருந்தாலும் அதைச் செய்திருப்பார்களா என்றுதான் கேட்க வேண்டும். அமெரிக்கா 1982-இல் சிறு நிறுவனங்களுக்கென்றே ஆய்வுப் பணம் ஒதுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தைப் பொருளாதார ஆய்வாளர் ஸ்காட் வால்ஸ்டன் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார். அரசாங்கம் ஒரு டாலர் கொடுத்தால் நிறுவனம் தன் கைக்காசில் ஒரு டாலரைக் குறைத்துக்கொண்டது என்பதே அவர் கண்ட முடிவு. மொத்த ஆய்வு ஒரு காசும் கூடவில்லை.

நம் நாட்டில் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் எண்ணெய் உற்பத்தியில் டன் கணக்கில் செஸ் என்னும் தீர்வை வாங்கி ஆய்வு நடத்துகிறது. குலை வெட்டும் ‘சந்தாஸ்’ மோட்டார் கருவி அங்கிருந்து வந்ததுதான். ஆய்வு அங்கே நடக்கட்டும், பட்டறை செய்து விற்கட்டும்.

கழிமுனை:

அண்ணே, வாரியம் கருவியைக் கண்டுபிடித்ததோடு ஆய்வு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மீதி வேலை இருக்கும் இடத்தைச் சொல்கிறேன்.

இந்த வகைக் கருவியில் என்ஜின் கீழே இருக்கிறது. கழிக்குள் ஓடும் தண்டு சுழற்சியை மேலே கொண்டுபோகிறது. நுனியில் உள்ள பல்சக்கரப் பெட்டி அதை முன்னும் பின்னும் அடிக்கும் அசைவாக்கி அரிவாளுக்குக் கொடுக்கிறது. கெடுவது பெரும்பாலும் அந்தப் பெட்டிதான். மாதிரிக் கருவி செய்யும்போது பட்டறை கையில் கிடைக்கும் நடுத்தரக் கார்பன் எஃகில் பல் வெட்டி, சூடாக்கி எண்ணெயில் முக்கும். பல் உள்ளேயும் வெளியேயும் கிட்டத்தட்ட ஒரே கடினமாகிவிடும். அரிவாள் மட்டையில் மாட்டி நிற்கும் நொடியில் அதிர்ச்சி முழுக்கப் பல்லடியில் இறங்கும், பல் உடையும். தாழ்கார்பன் கலப்பு எஃகு எடுத்து, மேல்தோலில் மட்டும் கார்பன் ஏற்றி, தோலின் கடினத்தை ராக்வெல் அளவில் 58 முதல் 62 வரை கொண்டுவந்தால் உள்ளே இளக்கம் இருக்கும், அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் எண்ணெயில் முக்கி எடுத்ததும் சக்கரத்தின் நடுத்துளை கோணும். அதற்காக முன்கூட்டியே 0.1, 0.2 மில்லிமீட்டர் உலோகம் விட்டு வைத்து, பிறகு சாணையில் எடுக்க வேண்டும். எவ்வளவு விடுவது என்பது அந்தச் சக்கரத்தின் வடிவத்தையும் அந்த உலையையும் பொறுத்தது. செய்து, அளந்து, உடைத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

எடை இன்னொன்று. 6 மீட்டர் கழியின் நுனியில் 500 கிராம் கூடினால், கழியைப் படுத்த நிலையிலிருந்து தூக்கும்போது பிடியில் சுமார் 30 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கூடுதலாக விழும். பெட்டியைத் தடித்த சுவரில் வார்த்தால் உழைக்கும், வெட்டுகிறவரின் தோள் போய்விடும். கைக்கு வரும் அதிர்வும் இருக்கிறது. 8 மணி நேர சராசரி 2.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது என்கிறது ஐரோப்பிய விதி. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதும். தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்து, உடைந்த பெட்டி அன்றைக்கே கைக்கு வரும் பட்டறைதான் இதைத் தீர்க்க முடியும்.

ஏட்டுக்கணக்கு:

தம்பி, நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதற்கு ஆளுக்கு ஆள் மானியம் எதற்கு? கார்பன் ஏற்றும் உலை ஒன்று, அதிர்வு அளக்கும் கருவி ஒன்று, கடினம் சோதிக்கும் கருவி ஒன்று. மாவட்டத்துக்கு ஒரு பொதுக்கூடம் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். பத்துப் பட்டறைக்குப் பத்து உலை வாங்கிக் கொடுத்தால், திட்டம் முடிந்த மறுமாதம் ஒன்பது உலை சும்மா கிடக்கும்.

மீனா_பாகான்:

பொதுக்கூடம் நல்ல யோசனைதான் சார். ஆனால் அங்கே போய்ச் சோதிக்கவும் பட்டறை கையில் காசு வேண்டுமே. தோற்கப்போகும் முப்பது சக்கரத்துக்கு எஃகு வாங்க எந்த வங்கியும் கடன் தராது.

வரிச் சலுகை போதும் என்று யாராவது சொல்வதற்குள் அந்தக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். வருமான வரிச் சட்டம் 34ஏ பிரிவில் அங்கீகரித்த ஆய்வுச் செலவுக்கு இரட்டைக் கழிவு உண்டு. 100,000 ரிங்கிட் செலவு செய்தால் கூடுதலாக இன்னொரு 100,000 கழியும். 24 விழுக்காடு வரி கட்டும் பெரிய நிறுவனத்துக்கு அதில் 24,000 மிச்சம். 17 விழுக்காட்டுப் படியில் நிற்கும் சிறு நிறுவனத்துக்கு 17,000தான். அந்த ஆண்டு நட்டமென்றால் கையில் ஒன்றும் வராது. ஆய்வில் இறங்கும் ஆண்டுதான் பட்டறைக்கு நட்டம் வரும் ஆண்டு. யாருக்குத் தேவையோ அவருக்கே குறைவாகப் போகிறது.

மானியத்திலும் குறை இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. பாதிக்குப் பாதி மானியம், செலவு செய்த பிறகு கோரிப் பெறும் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் 200,000, மானியம் 100,000, முன்பணம் 20,000, நான்கு சம கட்டம். இரண்டாம் கட்டம் முடியும்போது முதல் கட்டப் பணம் வரவில்லையென்றால் பட்டறையின் சொந்தக் காசு 80,000 வெளியே நிற்கும். சம்பள நாளில் ஆய்வைத்தான் நிறுத்துவார்கள். பணம் வீணாவது இங்கேதான்.

வால்ஸ்டனோடு நின்றுவிடாதீர்கள் சார். சப்ரினா ஹவல் 2017-இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் அதே திட்டத்தைப் பார்த்தார். தரவரிசையில் மயிரிழையில் வென்றவர்களையும் மயிரிழையில் தோற்றவர்களையும் ஒப்பிட்டார். சுமார் 150,000 டாலர் முதற்கட்ட மானியம், நிறுவனத்துக்குப் பிறகு துணிகர முதலீடு, அதாவது புது நிறுவனத்தில் பங்கு எடுத்து ஆபத்தோடு போடும் பணம், கிடைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. 10 லட்சம் டாலர் இரண்டாம் கட்டத்துக்கு அப்படிப் பலன் தெரியவில்லை. சின்னத் தொகையாக, மாதிரிக் கருவி செய்யும் கட்டத்தில், சீக்கிரம் கொடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

ஏட்டுக்கணக்கு:

துணிகர முதலீடு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தெலுக் இந்தானில் அதைப் போட வருகிறவர் யார்? அதே அமெரிக்கத் திட்டத்தைப் பற்றி ஜோஷ் லெர்னர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 1,435 நிறுவனங்களைப் பத்தாண்டுக் கணக்கில் பார்த்தார். மானியம் வாங்கியவை வேகமாக வளர்ந்தன, உண்மை. ஆனால் அந்த வளர்ச்சி துணிகர முதலீடு புழங்கும் ஊர்களில் மட்டும்தான். திரும்பத் திரும்ப மானியம் வாங்கியவை அதற்கேற்பக் கூடுதலாக வளரவும் இல்லை. தோட்டப்புற டவுனுக்கு அந்த ஆய்வு சாதகமே இல்லை.

கழிமுனை:

அப்படியென்றால் முதலீட்டாளரைச் சாராத உதாரணம் பாருங்கள். நெதர்லாந்தில் 2004-இல் சிறு நிறுவனங்கள் தங்கள் ஆய்வு வேலையை ஆய்வுக்கூடங்களிடம் ஒப்படைத்துச் செய்துகொள்ள வவுச்சர் தந்தார்கள், ஒன்று 7,500 யூரோ வரை. விண்ணப்பம் ஆயிரத்தைத் தாண்டியதால் 100 வவுச்சரைக் குலுக்கல் போட்டார்கள். வென்றவரையும் தோற்றவரையும் ஒப்பிட்டபோது, பத்தில் எட்டு வவுச்சர் இல்லையென்றால் நடந்திருக்காத வேலைக்குப் போயிருந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இது. உங்கள் பொதுக்கூடத்தில் செலவழிக்க இப்படி ஒரு வவுச்சர் கொடுத்தால் உலையும் சும்மா கிடக்காது, பட்டறையும் கடன் வாங்க வேண்டாம்.

ஏட்டுக்கணக்கு:

வேலை நடந்தது என்பதுதான் அதில் நிரூபணம். அந்த வேலையால் பொருள் விற்றதா என்பது வேறு. வவுச்சரை நான் எதிர்க்கவில்லை, 200,000 ரிங்கிட் திட்டங்களைத்தான் எதிர்க்கிறேன். எதைக் கொடுத்தாலும் நிராகரித்த விண்ணப்பங்களையும் அவற்றின் மதிப்பெண்ணையும் பத்திரமாக வைத்து, மூன்று ஆண்டு கழித்து அவர்களையும் போய்ப் பார்க்க வேண்டும். வாங்கியவர்களின் வெற்றிக் கதையை மட்டும் அறிக்கையில் போட்டால் அது கணக்கு ஆகாது.

மீனா_பாகான்:

நிராகரித்தவர்களையும் பார்ப்பதற்கு நான் முழு ஆதரவு. ஆனால் பார்க்கும்போது என்ன கேட்பது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். காப்புரிமை எண்ணிக்கை வேண்டாம். எத்தனை பல்சக்கரப் பெட்டி விற்றது, அதில் 6 மாதத்துக்குள் எத்தனை உடைந்து திரும்பி வந்தது, பிடியில் அதிர்வு எவ்வளவு, மாற்றுப் பெட்டி என்ன விலை. 200,000 திட்டத்தை அடியோடு ஒதுக்குவதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. முப்பது சக்கரத்தை உடைத்துப் பார்க்க வவுச்சர் போதும், முந்நூறு பெட்டியை ஒரே தரத்தில் வார்க்க அது போதாது.