ஸ்கேரிஃபிகேஷன்: விதைக்கீறலா, உறைநெகிழ்ப்பா?

அனைவருக்கும் வணக்கம்.
தேனீக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் வரவழைக்கும் சோனோரன் பாலைவனப் (அமெரிக்க-மெக்சிகோ எல்லைப் பகுதி) பூச்செடிகளுக்கான கையேட்டில் 'ஸ்கேரிஃபிகேஷன்' பல இடங்களில் வருகிறது. லூபின், குளோப்மாலோ விதைகளின் உறை நீரை உள்ளே விடாது. உறையைச் சற்றே பழுதாக்கினால்தான் நன்றாக முளைக்கும். அப்படிச் செய்வதுதான் ஸ்கேரிஃபிகேஷன். அதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும். 'விதைக்கீறல்' சரியா?

---
> 'விதைக்கீறல்' சரியா?

பாதிதான் சரி. வெந்நீரில் ஊறப்போடுவதும் இதே வேலைதான், அங்கே கீறல் ஏது? லூபின் விதையைச் சுமார் 80 டிகிரி செல்சியஸ் நீரில் போட்டு, அடுப்பில் வைக்காமல், ஆறவிட்டு இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். காலையில் உப்பியவற்றை அன்றே விதைக்க வேண்டும். உப்பாதவற்றுக்கு மட்டும் மறுபடி வெந்நீர். உப்புத்தாள் முறையில், இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து, பளபளப்பு மங்கும்வரை தேய்த்தால் போதும். உள்ளே இருக்கும் பருப்புவரை தேய்த்துவிட்டால் கரு அடிபடக்கூடும்; மண்ணில் அழுகிப்போகலாம். இரண்டுக்கும் பொதுவாக 'உறைநெகிழ்ப்பு' என்கிறேன்.

---
புதுச்சொல் எதற்கு ஐயா? 'விதைநேர்த்தி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

---
> 'விதைநேர்த்தி' ஏற்கெனவே...

பூஞ்சணக்கொல்லி பூசுவதும், உயிர் உரம் கலப்பதும்கூட விதைநேர்த்திதான். கையேட்டில் 'விதைநேர்த்தி செய்க' என்று மட்டும் போட்டால், மருந்து பூசிய விதையைத் தேனீத் தோட்டத்தில் தூவிவிடுவார்கள். அந்தச் சொல் தலைப்பாக இருக்கட்டும், உறைநெகிழ்ப்பு அதில் ஒரு வகை.

இன்னொன்றையும் பிரிக்க வேண்டும். சில பாலைச் செடிகளின் விதையில் முளைப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் உண்டு. நல்ல மழை அதைக் கரைத்துக்கொண்டு போனால்தான் முளைக்கும், தூறலுக்கு அசையாது. அங்கே உறைக்கு எதுவும் ஆவதில்லை. அதற்கு 'தடைக்கழுவல்' என்று தனிச்சொல் வேண்டும்.

---
நல்லது, 'உறைநெகிழ்ப்பு' என்றே எடுத்துக்கொள்கிறேன். 'விதைக்கீறல்' அதன் கீழ் உப்புத்தாள், கத்தி முறைகளுக்கு மட்டும். பதிவின் வரைவு:

"உறைநெகிழ்ப்பு: நீர்புகா விதையுறையைத் தேய்த்தோ, கீறியோ, வெந்நீரிட்டோ நீர் புகும்படி செய்தல். லூபின், குளோப்மாலோ போன்ற கடின உறை விதைகளுக்கு. பாப்பி, பாலைச் சாமந்தி விதைகளுக்குத் தேவையில்லை; ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு மணல் கலந்து இலையுதிர் காலத்தில் தூவி, மிதித்து அழுத்தினால் போதும். 3 மி.மீ.க்கு மேல் மண் மூடக்கூடாது."

---
ஒரு வரி சேர்க்கவும்: கையிலுள்ள விதை மொத்தத்துக்கும் உறைநெகிழ்ப்பு செய்துவிடக்கூடாது, ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும். செய்தவை ஒரே நேரத்தில் முளைக்கும். அடுத்த வாரமே வறண்டால் மொத்தமும் போகும். மூன்றில் ஒரு பங்கை அப்படியே தூவினால், அவை பிந்தைய மழைக்குக் காத்திருக்கும். குளோப்மாலோ பாத்தியில் கொஞ்சம் வெற்றுத்தரை விடச் சொல்லுங்கள். அந்தப் பூவைத் தேடி வரும் டையடேசியா தேனீ தரையில்தான் வளை தோண்டும். மண்மேல் பரப்பும் மூடாக்கைத் தடிமனாகப் போட்டால் அதற்கு இடமிருக்காது.