ஜவுளிக்கடை அண்ணாச்சியோட பழகினவங்க சொல்லுங்க

சைக்கிள்ல துணிமூட்டை கட்டி ஊர் ஊரா வித்து, நாகர்கோவில்ல ஜவுளிக்கடை, காம்ப்ளக்ஸ், தோப்புன்னு வளர்ந்தவரு. போன மாசம் போய்ச் சேர்ந்தாரு. பேரு வேண்டாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

பிளஸ் டூ முடிச்சு மூணு வருஷம் அவரு கடையில நின்னேன். முதல் நாள் பிளவுஸ் பிட் கிழிக்கச் சொன்னாரு. மீட்டர் கோல்ல துணியை விறைப்பா இழுத்து அளந்தேன். கையைத் தட்டிவிட்டாரு. "மக்களே, இழுத்தா மீட்டருக்கு ரெண்டு விரக்கடை நமக்கு மிச்சம். தண்ணியில போட்டதும் சுருங்கும், தைக்கப் பத்தாது. டெய்லர் யாரை ஏசுவான்?"

வடசேரி கைத்தறி வேட்டின்னு யாராவது சரக்கோட வந்தா, ஒரு இழையை உருவித் தீக்குச்சி வைப்பாரு. காகிதம் எரிஞ்ச வாசனையோட சாம்பலானா பருத்தி. உருகிக் கறுப்பு மணியாத் திரண்டா பாலியஸ்டர், மூட்டை அப்படியே திரும்பும். சம்பளம் மட்டும் கம்மிதான்.

*

மார்த்தாண்டம் பக்கம் நாங்க. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. அக்காவுக்கு ஜூலையில கல்யாணம். மழையில பால்வெட்டு நின்னுபோய் கையில காசில்ல. கல்யாணத் துணி எடுக்க அண்ணாச்சி கடைக்குப் பாதிப் பணம்தான் கொண்டுபோனோம். அம்மா பட்டுச்சேலையைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு மடிச்சு வச்சதை அண்ணாச்சி கல்லாவுல இருந்தே பாத்திருக்காரு. நோட்டுல எழுதிக்கிட்டு, "மிச்சத்தை டிசம்பர்ல தாரும்"னு கட்டிக் குடுத்தாரு. டிசம்பர்ல கடனை அடைக்கப் போன அப்பா, கிறிஸ்மஸ் துணி எல்லாத்தையும் அங்கயே எடுத்தாரு. அண்ணாச்சி போட்ட கணக்கு அதுதான்னு இப்பத்தான் புரியுது!

*

எல்லாரும் புகழ்றீங்க. நான் அவரு காம்ப்ளக்ஸ்ல ஜெராக்ஸ் கடை வச்சிருந்தேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். நாள்கணக்குல கரண்ட் இல்ல. ஜெராக்ஸ் கடையில கரண்ட் இல்லாம என்ன செய்ய? வாடகையில கொஞ்சம் குறைங்கன்னு கேட்டேன். "துணி கடன் தருவேன், இடம் கடன் தரமாட்டேன்"னாரு. துணி பழசானா தள்ளுபடியில தள்ளணும், மண்ணு பழசானா விலை ஏறும், வியாபாரம் இல்லாத மாசத்துல வாடகையை வச்சுத்தான் கடைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் குடுக்கேன்னு ஒரு பாடமே எடுத்தாரு. ரெண்டு சென்ட் தோப்பு வாங்கித் தொடங்குன கதையும் அதுல உண்டு.

பத்து பைசா குறைக்கல. முழுசா எண்ணிக் குடுத்தேன். ரசீது எழுத வெளிச்சம் பத்தலைன்னு மெழுகுவர்த்தியை என்னையே பிடிக்கச் சொன்னாரு.