ரோமப் படையின் முன்வரிசை பின்வாங்கும் இடத்தில் சிக்கி நிற்கிறேன், உதவுங்கள்

பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் ரோமப் படை போரிடுவதை அனிமேஷனாகச் செய்கிறேன். காலம் கி.மு. 200 வாக்கில். படை மூன்று வரிசையாக நிற்கிறது: முன்னால் ஹஸ்டாட்டி, நடுவில் பிரின்கிபெஸ், கடைசியில் டிரியாரி என்ற வீரர்கள். ஒவ்வொரு வரிசையும் பல அணிகளாகப் (மேனிபிள்) பிரிந்திருக்கிறது. முதல் இரண்டு வரிசையில் அணிக்கு 120 பேர், கடைசியில் 60. அணிகளுக்கு நடுவே இடைவெளி. பின்வரிசை அணி அந்த இடைவெளிக்கு நேராக நிற்கிறது.

எறியீட்டியை வீசி வாளை உருவும் வரை நன்றாகவே வருகிறது. களைத்த ஹஸ்டாட்டி மெதுவாகப் பின்வாங்கி பிரின்கிபெஸின் இடைவெளிக்குள் போனதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அங்கேதான் எல்லாம் குலைகிறது. இடைவெளியைத் திறந்தே வைத்தால் எதிரி உள்ளே புகுந்து பக்கவாட்டில் வெட்டுகிறான். அணியின் பின்பாதியை முன்னே கொண்டுவந்து அடைத்துப் பார்த்தேன். அப்புறம் பின்வாங்க வழியே இல்லை. ஆளுக்கு ஆள் மாற்றினால் கேடயங்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. ரோமும் கார்த்தேஜும் மோதிய கி.மு. 202 ஸாமா போரையும் பார்த்தாயிற்று. அங்கே எதிரியின் யானைகளுக்கு வழிவிட ரோமத் தளபதி ஸ்கிபியோ அணிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டார், அது விதிவிலக்கு.

இந்த மாதக் கடைசிக்குள் வீடியோவை முடிக்க வேண்டும். இந்த இடமாற்றம் கைகலப்பின் நடுவிலேயே நடந்ததா, இல்லை இரு தரப்பும் சற்று விலகி மூச்சு வாங்கும் நேரத்திலா?